சின்னவனோட பாதி பெஞ்சு

என் பெரியவளுக்கு அப்பா எழுதுறது. இங்க நானும் உங்கம்மாவும் கை கால் நல்லபடியா நடமாடிக்கிட்டு இருக்கோம், மத்ததுக்கு என்ன பேரு வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல. அங்க நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குப் போர்த்திக்கிட்டு, உடம்பப் பாத்துக்கிட்டு இருப்பேன்னு நம்பிக்கிட்டு இருக்கேன், அந்த நம்பிக்கையில மண்ணப் போட்டுடாத. போன் இருக்கிறப்ப எதுக்கு இந்த மனுஷன் தாளும் பேனாவும் எடுத்தான்னு நெனப்ப. போன்ல உன் குரலக் கேட்டா நான் ம் ம்னு முனகிட்டு வச்சிடுறேன் கண்ணு. நீயும் ஒவ்வொரு தடவையும் அதே ஒண்ணத்தான் கேக்குற, அம்மா எங்கிட்டப் பேசவே மாட்டாளாப்பா, தம்பி போனதுக்கு நான் வந்து நிக்கலைன்னு கோவமான்னு. இத்தனை நாளும் அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. இப்ப இருக்கு. ஆனா நேராச் சொல்லிட்டா அது உங்கப்பன் இல்லயே, ஊரைச் சுத்தித்தான் வரும், பொறுமையாப் படி. எழுத்துக் கூட்டித்தான் எழுதுறேன், நடுவுல கடைக்கு ஆளு வந்தா பேனாவ வச்சிட்டுக் கத்தரிய எடுக்க வேண்டியிருக்கு, தாள்ல யாரு முடியாவது ஒட்டியிருந்தா தட்டி விட்டுட்டுப் படி.

சின்னவன் படிச்ச பள்ளிக்கூடத்துல வருஷக் கடைசி நாள் போன வாரம் முடிஞ்சுது. அங்க இப்ப ஒரு பழக்கம் வச்சிருக்காங்க, நீ படிச்ச காலத்துல இது கிடையாது. கடைசி நாள் அப்பா அம்மாவெல்லாம் ஆளுக்கொரு வாளி தண்ணியோட வந்து, அவங்கவங்க புள்ள வருஷம் முழுக்க உக்காந்த இடத்தக் கழுவி விட்டுட்டு, வாத்தியாருங்களுக்கும் கூடப் படிச்ச புள்ளைங்களுக்கும் நன்றி சொல்லிட்டுப் போகணும். அடுத்த வருஷம் வர்ற புள்ள சுத்தமான இடத்துல உக்காரணும்ல. இது எப்படி ஆரம்பிச்சுதுன்னு கேட்டா சிரிப்ப. ஒரு பய மைப் பாட்டிலு மொத்தத்தையும் பெஞ்சுல கவுத்துட்டான். அவங்கம்மா ரோசக்காரி, யாரும் கூப்பிடாமலே நாரும் சோப்பும் எடுத்துக்கிட்டு வந்து தேய்ச்சுத் தள்ளிட்டா. அந்த ஒரு பெஞ்சு பளபளன்னு இருக்கவும் மத்த பெஞ்செல்லாம் அழுக்குன்னு அன்னைக்குத்தான் மத்த அம்மாமாருக்குக் கண்ணு தெரிஞ்சுது. அவ மட்டும் என்ன ஒசத்தின்னு ஆளாளுக்கு வாளியத் தூக்கிட்டாங்க. போட்டியில தொடங்கினதுதான், அப்புறம் அதுவே நல்ல பழக்கமாப் போச்சு. போன வருஷம் நம்ம சின்னவன் இடத்த நான்தான் போய்க் கழுவினேன். அவன் பக்கத்துல நின்னுக்கிட்டு, அப்பா தலைக்கு ஷாம்பு போடுற மாதிரி தடவாத, அழுத்தித் தேய்ன்னு எனக்கு வேலை சொல்லிக் குடுத்தான்.

இந்த வருஷம் நாலாங் கிளாஸ். வருஷம் பாதி போறதுக்குள்ள அந்தப் பாழாப்போன காய்ச்சல் வந்து அவனைக் கொண்டுபோச்சு, அதெல்லாம் உனக்குத் தெரியும், திரும்ப எழுத எனக்குக் கை வரல. உனக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. வந்த சனமெல்லாம் கிளம்பிப் போனப்புறம், ஒரு நாள் காலையில உங்கம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டா. பாடம் நடந்துக்கிட்டு இருக்குது. விறுவிறுன்னு உள்ள நுழைஞ்சு அவன் உக்கார்ற இடத்துல கைய வச்சு, எம்புள்ள வர்ற வரைக்கும் இங்க ஒருத்தரும் உக்காரக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. கணக்கு சார் பாடம் நடத்திக்கிட்டு இருந்தவரு, சாக்பீஸ் கையோட நின்னுட்டாராம். ஒரு தாய் அப்படி நின்னு சொல்றப்ப அவரு என்ன சொல்லுவாரு, சரிம்மான்னு மட்டும் சொல்லியிருக்காரு. இது அவரே எங்கிட்டச் சொன்னது. அவர உனக்குத் தெரியும், தலையில இருக்கிறது நாலு முடி, அத வெட்டிக்க மாசம் தவறாம வந்து ஒரு மணி நேரம் பேசிட்டுப் போவாரு. ஏதோ துக்கத்துல சொன்னா, நாலு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்கன்னு நானும் விட்டுட்டேன். உங்கம்மா அதுக்கப்புறம் வாசப்படி தாண்டல. கடைக்கும் வீட்டுக்கும் நடுவுல இருக்கிற கதவு இருக்குல்ல, அதக்கூட சாத்தியே வச்சிருப்பா, புள்ளைங்க யாராவது முடி வெட்ட வந்தா அந்தச் சத்தம் உள்ள வரக் கூடாதுன்னு.

வருஷக் கடைசியில புள்ளைங்களப் போட்டோ எடுப்பாங்க, அதனால அந்த வாரம் நம்ம கடையில சின்னப் புள்ளைங்க கூட்டம். நாற்காலி கைப்பிடி மேல பலகையப் போட்டு ஏத்தி உக்கார வச்சு ஒவ்வொருத்தனா வெட்டி விட்டுக்கிட்டு இருந்தேன். சின்னவனுக்குப் பெஞ்சுல பங்காளியா இருந்தான்ல, கிளாசுல நம்மாள வாண்டுன்னும் அவன உருண்டைன்னும் கூப்பிடுவாங்களே, அவன் வந்தான். அவனுக்குப் பலகையே வேணாம், அவன் ஏறினா நாற்காலிதான் கத்தும். துணியப் போத்தித் தண்ணி அடிச்சதுதான் தாமதம், வாயத் தொறந்துட்டான். தலைய ஆட்டாதடா காது போயிடும்னு நான் சொல்றேன், அவன் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கான். மாமா, குண்டூசிக்கு முதுகு வலியாம் மாமா, டப்பா மேல உக்காந்து உக்காந்துன்னான். குண்டூசி யாருடா, டப்பா எதுக்குடான்னு கேட்டா, ஐயோ இது கூடத் தெரியாதாங்கிற மாதிரி கண்ணாடியில என்னை ஒரு பார்வை பாத்தான். லாரி ஓட்டுறவரு ஒருத்தரு புதுசா இங்க குடிவந்தாராம், அவரு பொண்ணு நடு வருஷத்துல கிளாசுல சேர்ந்திருக்கு. ஒல்லியா இருக்கிறதால குண்டூசின்னு பேரு வச்சிட்டாங்க. கிளாசுல ஒரே ஒரு இடம்தான் காலி, அது நம்ம சின்னவன் இடம். அங்க உக்காரக் கூடாதுன்னு புள்ளைங்களே சொல்லி, சுவருக்கு அடிக்கிற பெயிண்ட் டப்பா ஒண்ணு மூலையில கிடந்திருக்கு, அதக் கவுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க. பெரிய டீச்சர் வேற பெஞ்சு கேட்டு எழுதிப் போட்டுப் பாத்திருக்காங்க, வரல. மத்த பெஞ்சுல நெருக்கிக்கலாம்னா ஏற்கெனவே மூணு மூணு பேரு. அந்தப் புள்ள அன்னையிலேர்ந்து ஜன்னலோரமா டப்பா மேல, மடியில பலகைய வச்சு எழுதிக்கிட்டு இருக்கு.

எனக்குக் கத்தரி ஓடல. அப்ப நீ ஒருத்தனே அந்தப் பெஞ்சுலயாடான்னு உருண்டையக் கேட்டேன். இல்ல மாமா, நான் எம் பாதியிலதான் இருக்கேன்னான். அவனும் சின்னவனும் சண்டை போட்டுப் பெஞ்சுக்கு நடுவுல காம்பஸ் முனையால கோடு கிழிச்சு வச்சிருக்காங்க, தாண்டினா குட்டு. இவன் இருக்கிற உருவத்துக்குப் பெஞ்சு முழுசும் பத்தாது, ஆனா கோட்டத் தாண்டி ஒரு பென்சில் கூட வைக்கலையாம். டீச்சர் வச்சாக்கூட எடுத்துடுவேன் மாமான்னு பெருமையா வேற சொல்றான். நான் அவன் பின்மண்டையப் பாத்துக்கிட்டே நின்னேன். நான் இங்க கடையில உக்காந்து, ஊருல ஒருத்தருக்கும் எம்புள்ள ஞாபகம் இல்ல, ஆளு போனா அவ்வளவுதான்னு உள்ளுக்குள்ள பொருமிக்கிட்டு இருந்தேன் கண்ணு. அங்க ஒரு வகுப்பே மூச்சு முட்ட நெருக்கி உக்காந்து அவனுக்கு இடம் புடிச்சு வச்சிருக்கு. அன்னைக்கு உருண்டைக்கு ஒரு பக்கம் முடி கொஞ்சம் ஏறிப்போச்சு, போட்டோவுல நல்லாவே தெரியுது.

மறுநாள் கணக்கு சார் வந்தாரு. என்ன சார் இப்படின்னு கேட்டேன். அட விடுங்கண்ணே, டப்பா ஒண்ணும் அப்படிக் கஷ்டமில்ல, காத்தோட்டமா இருக்குன்னு மழுப்பினாரு. வாய் சொல்லுது, கண்ணு தரையப் பாக்குது. அடுத்த வருஷம் புள்ளைங்க இன்னும் அதிகம் வருதாம், அத மட்டும் மெதுவாச் சொன்னாரு, சொல்லிட்டு ஏன்டா சொன்னோம்னு நாக்கக் கடிச்சுக்கிட்டாரு. சாயங்காலம் பெரிய டீச்சரே வந்துட்டாங்க. கடைசி நாள்ல பெத்தவங்க சார்பா நீங்க ரெண்டு வார்த்தை நன்றி சொல்லணும், உங்களால முடிஞ்சாதான், இல்லைன்னா பரவாயில்லன்னாங்க. அவங்களும் பெஞ்சைப் பத்தி வாயத் தொறக்கல. சாத்தியிருந்த கதவையே பாத்துக்கிட்டு நின்னு, வீட்டுல அவங்க எப்படி இருக்காங்கன்னு கேட்டாங்க. இருக்கா டீச்சர்னு சொன்னேன். வேற என்ன சொல்ல.

இப்ப நான் உங்கம்மாகிட்ட எப்படிச் சொல்றது சொல்லு. சொன்னா அவளுக்குப் புள்ள ரெண்டாம் தடவை போன மாதிரி. சொல்லலைன்னா ஊரான் வீட்டுப் புள்ள ஒண்ணு நம்மளால டப்பாவுல உக்காந்து முதுகு ஒடியுது. சோறு போடுறப்ப ஆரம்பிச்சேன். லாரிக்காரரு ஒருத்தரு புதுசா வந்திருக்காரு, மீசை நல்லா இருக்கு, அவருக்கு ஒரு பொண்ணாம்னு எங்கெங்கயோ போய்ச் சுத்திக்கிட்டு இருந்தேன். உங்கம்மா கரண்டியக் கீழ வச்சிட்டு, செக்கு மாடு மாதிரி சுத்தாம சொல்ல வந்ததச் சொல்லுங்கன்னா. அவ அவ்வளவு பேசியே ரொம்ப நாளாச்சு. சொல்லிட்டேன். கேட்டுக்கிட்டே இருந்தா. டப்பாவான்னா. ஆமான்னேன். பெயிண்ட் டப்பாவான்னா. ஆமான்னேன். அப்புறம் கோவம் வந்துச்சு பாரு, அத்தனை பேரு இருக்காங்களே, எங்கிட்ட வந்து சொல்ல ஒருத்தருக்கும் நாக்கு இல்லையான்னு கத்தினா. நாக்கு இருந்துச்சு, மனசு வரலைன்னு சொன்னேன். அவ எழுந்து போய்ச் சுவரப் பாத்துப் படுத்துட்டா. என் தட்டுல சோறு அப்படியே இருந்துச்சு, எனக்கும் இறங்கல.

கடைசி நாள் வந்துச்சு. நீ வர்றியான்னு கேட்டேன், போர்வைய இழுத்து மூடிக்கிட்டா. சரின்னு நான் மட்டும் வாளிய எடுத்துக்கிட்டுப் போனேன். முற்றத்துல எல்லாரும் நிக்கிறாங்க, பெத்தவங்க, புள்ளைங்க, வாத்தியாருங்க, மணி அடிக்கிறவரு வரைக்கும். என்னை முன்னாடி கூப்பிட்டாங்க. ராத்திரியெல்லாம் மனப்பாடம் பண்ணினது ஒண்ணும் வரல. கடையில ஊர்க்கதை பேசுற வாயி, அங்க பூட்டுப் போட்ட மாதிரி ஆயிடுச்சு. கடைசியில எனக்கு வந்ததச் சொன்னேன். எனக்குப் பேசத் தெரியாது, உங்க தலையெல்லாம் எனக்குத் தெரியும், அதுக்குள்ள இப்படி ஒரு மனசு இருக்குன்னு தெரியாமப் போச்சு, என் வீட்டுல விளக்கு அணைஞ்சப்புறமும் அவனுக்கு இங்க ஒரு இடம் வச்சிருந்தீங்க, இதுக்கு நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லி முடிச்சிடலாமான்னு எனக்குத் தெரியல, கையெடுத்துக் கும்பிடுறேன்னு சொல்லிக் கும்பிட்டேன். கை தட்டணுமா வேணாமான்னு யாருக்கும் தெரியல. உருண்டை மட்டும் படபடன்னு தட்டினான், அவங்கம்மா அவன் கையப் புடிச்சுக்கிட்டா.

அப்பத்தான் எல்லாரும் எனக்குப் பின்னாடி பாத்தாங்க. திரும்பினா பள்ளிக்கூட வாசல்ல உங்கம்மா. வீட்டுல கட்டியிருந்த அதே சேலை, தலை சீவல, இடுப்புல குடம், கையில தேய்க்கிற நாரு. யாரையும் பாக்கல, என்னையும்தான். கூட்டம் தானா விலகிச்சு. நேரா நாலாங் கிளாசுக்குள்ள போயிட்டா. நான் பின்னாலயே ஓடினேன், எனக்குப் பின்னால எல்லாரும். தண்ணிய ஊத்தித் தேய்க்க ஆரம்பிச்சா. அவ தேய்ச்ச வேகத்துக்குப் பெஞ்சு ஆடுது. நடுவுல அந்தக் கோட்டுக்கிட்ட வந்ததும் கை நின்னுச்சு. இது என்னடான்னு உருண்டையக் கேட்டா. எல்லை அத்தைன்னான். கோட்ட விட்டுட்டு அவன் பக்கம் வரைக்கும் தேய்ச்சு முடிச்சு, அடிப்பக்கம் கழுவலாம்னு குனிஞ்சு கைய விட்டா. விட்டவ அப்படியே நிமிர்ந்தா. பலகைக்கு அடியில, மென்னு துப்புற பப்பிள்கம் இருக்குல்ல, அத வரிசையா ஒட்டி வச்சிருக்கான் நம்மாளு, காஞ்சு கல்லு மாதிரி. உங்கம்மா அதுல ஒண்ண நகத்தால பேத்து எடுத்துப் பாத்துட்டு, எருமை, எருமை, இதையெல்லாமா தின்னு தொலைச்சிருக்க, பல்லு என்னத்துக்கு ஆகும், வீட்டுக்கு வா உன் தோலை உரிக்கிறேன்னு சத்தம் போட்டா. வீட்டுக்கு வான்னு வாய் தவறிச் சொல்லிட்டா கண்ணு. அவன் போனதுக்கப்புறம் அவனத் திட்டினது அன்னைக்குத்தான். சொல்லிட்டு அந்தக் கம்ம உள்ளங்கையில வச்சு மூடிக்கிட்டா. கணக்கு சார் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

அப்புறம் முந்தானையால ஈரத்தத் துடைச்சா. டப்பாவுல உக்கார்ற புள்ள யாருன்னு கேட்டா. கூட்டத்துல ஒண்டிக்கிட்டு இருந்த அந்தக் குண்டூசிய முன்னாடி தள்ளி விட்டாங்க. வா, உக்காருன்னா. அது மாட்டேன்னு தலைய ஆட்டுது. பயப்படாத, நான்தான் சொல்றேன்ல, உக்காருன்னா. அந்தப் புள்ள உங்கம்மாவ அண்ணாந்து பாத்து, இது வாண்டு இடமாச்சே அத்தை, அவன் அவங்க அக்கா ஊர்லேர்ந்து எப்ப வருவான்னு கேட்டுச்சு.

பெரியவளே, அந்தப் புள்ளைக்கு யாருமே சொல்லல. புள்ளைங்க சொல்லியிருப்பாங்கன்னு டீச்சருங்க நெனச்சிருக்காங்க, டீச்சருங்க சொல்லியிருப்பாங்கன்னு புள்ளைங்க. வாண்டு வர்ற வரைக்கும் யாரும் உக்காரக் கூடாது, இதுதான் அதுக்குச் சொன்னது. அவன் அக்கா ரொம்ப தூரத்துல இருக்கான்னு உருண்டை பெருமையடிச்சிருக்கான். ரெண்டையும் சேத்து, அவன் உங்கிட்ட வந்திருக்கான்னு அது முடிவு பண்ணிக்கிச்சு. முகமே பாக்காத ஒரு பயலுக்காக, ஊருக்குப் போனவன் வந்தா இடமில்லாம நிக்கக் கூடாதேன்னு அத்தனை நாளும் டப்பா மேல உக்காந்து காவல் காத்திருக்கு. பெரிய டீச்சர் வாயப் பொத்திக்கிட்டாங்க. நான் முன்னாடி போய் எதையாவது சொல்லி மழுப்பலாம்னு காலெடுத்து வச்சேன், அதுக்குள்ள உங்கம்மா தரையில அந்த ஈரத்துலயே மண்டி போட்டு, அந்தப் புள்ள தோளப் புடிச்சு, வர மாட்டான் சாமி, அவன் செத்துட்டான், நீ உக்காந்துக்கன்னு சொன்னா. அந்த வார்த்தைய அவ அதுவரைக்கும் சொன்னதே இல்ல. ஆஸ்பத்திரியில சொல்லல, எங்கிட்டச் சொல்லல, தனக்குத்தானே கூடச் சொல்லியிருக்க மாட்டா. குண்டூசி அழுதுச்சு, அதப் பாத்து உருண்டை அழுதான், அப்புறம் யாரு அழல. உங்கம்மா அந்தப் புள்ளையத் தூக்கி உக்கார வச்சிட்டு, உருண்டைகிட்ட, தள்ளி உக்காருடா தடியா, புள்ள நசுங்கிடும்னா.

திரும்பி வர்றப்ப என் கூட நடந்து வந்தா. வழியில தானாவே உன்னப் பத்திப் பேசினா. கோவமெல்லாம் இல்லயாம் கண்ணு. நீ வேலையில லீவு விடாம அங்க மாட்டிக்கிட்டுத் தவிச்சது அவளுக்குத் தெரியுமாம். உன் சிரிப்பும் அவன் சிரிப்பும் ஒண்ணு, அவன நீதானே இடுப்புல வச்சு வளர்த்த, உன் சிரிப்பத்தான் அவன் புடிச்சுக்கிட்டான். போன்ல நீ ஹலோன்னு சொல்றதுக்கு முன்னாடி லேசாச் சிரிப்பியாம், அதக் கேட்டா அவன் எங்கயோ ஒளிஞ்சிக்கிட்டு விளையாடுறான்னு தோணுதாம், வச்சப்புறம் இல்லைன்னு ஆகுதாம். அதுக்குப் பயந்துதான் போன எடுக்கல. நீ இதப் படிச்சிட்டு இனிமே சிரிக்காம பேசலாம்னு நெனச்சிடாத. சிரி. அவ கேட்டுப் பழகிக்கட்டும். அழுதா அழட்டும், நீ போன வச்சிடாம கூடவே இரு, பதிலுக்குப் பேச ஒண்ணும் வேணாம்.

வேற விசேஷம் ஒண்ணும் இல்ல. இன்னைக்குக் காலையில கடைக்கும் வீட்டுக்கும் நடுவுல இருக்கிற கதவைத் தொறந்து வச்சிருக்கா, ஒரு பய தலைக்கு நான் மெஷினு போடுறத அங்கேர்ந்து பாத்துட்டு, காதுகிட்ட முடி நிக்குதே கண்ணு தெரியலையான்னு எனக்கு ஒரு அதட்டல் வேற. நீ உடம்பப் பாத்துக்க. வேலை விட்டு வர்றப்ப இருட்டுல தனியா வராத, கூட ஒருத்தரச் சேத்துக்க. ஈரத் தலையோட தூங்காத. மனசுல இருக்கிறத யாருகிட்டயாவது சொல்லு, உள்ள வச்சுப் பூட்டாத, அது உங்கப்பனும் அம்மாவும் பண்ணின தப்பு. நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும், அவன் வயசையும் சேத்து நீ இருக்கணும், அது ஒண்ணுதான் நாங்க கேக்குறது.

இத முடிச்சு மடிக்கப் போனேன், உங்கம்மா வந்து பக்கத்துல நிக்கிறா. நீ அனுப்பின போட்டோவ என் போன்ல இப்பத்தான் பாத்தாளாம். அவ சொல்றத அப்படியே எழுதச் சொல்றா: முடி வெட்டுறவன் வீட்டுல பொறந்துட்டு எவன்கிட்டடி போய் முடிய இப்படிக் கொதறிக்கிட்டு வந்திருக்க, கன்னமெல்லாம் ஒட்டிப்போய்க் கிடக்கு, சோறுன்னு ஒண்ணு திங்கிறியா இல்லையா, ஞாயித்துக்கிழமை கூப்பிடுவேன், போன எடுக்கலைன்னா இருக்கு உனக்கு.

உன் மேல உசுரையே வச்சிருக்கிற
அப்பா